காஞ்சனாவோட பிளாஷ்பேக் போரா?

காஞ்சனா படத்தைப் பத்தி யாரைக் கேட்டாலும் ரெண்டே ரெண்டு பதில்தான் வருது. ஒண்ணு, "செம காமெடி, கோவை சரளா பின்னிட்டாங்க". இன்னொண்ணு, "இன்டர்வெல் வரைக்கும் சூப்பர், அதுக்கப்புறம் பிளாஷ்பேக்தான் இழுவை". எங்க அம்மா முதல் கட்சி. எங்க ஹாஸ்டல் பசங்க மொத்தப் பேரும் ரெண்டாவது கட்சி. டிவியில போட்டாலும் லேப்டாப்ல போட்டாலும் பிளாஷ்பேக் ஆரம்பிச்சதும் ஒருத்தன் டீ குடிக்கக் கிளம்புவான், இன்னொருத்தன் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணுவான்.

என் கட்சி மூணாவது. அந்த பிளாஷ்பேக் இல்லேன்னா அது படமே இல்லைங்கறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உலக சினிமா ஆட்கள் இப்பவே மூஞ்சி சுளிக்க வேண்டாம், ப்ளீஸ் :)

படம் பார்க்காத யாராவது இருந்தா (தமிழ்நாட்டுல இருக்காங்களா என்ன?) சுருக்கமா சொல்லிடறேன். 2007-ல ராகவா லாரன்ஸ் 'முனி'ன்னு ஒரு படம் எடுத்தார். ஏழை ஜனங்களோட தலைவர் ஒருத்தரை ஒரு அரசியல்வாதி நம்ப வெச்சுக் கொன்னுடறான். செத்தவர் பேயா வந்து, பேய்னாலே நடுங்கற ஒரு பையன் உடம்புக்குள்ள புகுந்து பழி வாங்கறார். ராஜ்கிரண்தான் அந்தப் பேய். நாலு வருஷம் கழிச்சு, 2011 ஜூலை 22-ஆம் தேதி, கிட்டத்தட்ட அதே அச்சுல அடுத்த படம் வந்துச்சு. அதான் காஞ்சனா. பெரிய செட் கிடையாது. வெளிநாட்டுப் பாட்டு கிடையாது. ஒரு வீடு, ஒரு காலி இடம், ஒரு கோயில். முக்கால்வாசிப் படம் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்குள்ளேயே ஓடிடும். அந்த வருஷம் வந்த பெரிய ஹீரோ படங்கள் பக்கத்துல வெச்சா இது சின்னப் படம்தான்.

இந்தத் தடவை பேயா வர்றது ஒரு திருநங்கை. நடிச்சவர் சரத்குமார். 'நாட்டாமை'யில சொம்பு வெச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொன்ன மனுஷன் சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்கறார். அப்போ அவர் நிஜத்துல தென்காசி எம்.எல்.ஏ. அந்த வருஷம் நடந்த தேர்தல்லதான் ஜெயிச்சிருந்தார். படத்துல வில்லன் யாருன்னா, ஒரு எம்.எல்.ஏ. இதை யாரும் பெருசா பேசினதா எனக்குத் தெரியலை. எனக்கு மட்டும்தான் சிரிப்பு வருதோ என்னவோ.

முதல் பாதியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நான் அதை முதல்ல பார்த்தது ஒண்ணாவது படிக்கும்போது, தாம்பரத்துல ஒரு தியேட்டர்ல, அப்பா மடியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு. ராத்திரி பாத்ரூம் போகக்கூட அம்மாவைத் துணைக்குக் கூப்பிடற ஹீரோ. தமிழ் சினிமாவுல அதுக்கு முன்னாடி அப்படி ஒரு ஹீரோவா? பத்து பேரைப் பறக்க விடறவனைத்தான் நாம ஹீரோன்னு பார்த்துப் பழகியிருக்கோம். மாமியார் கோவை சரளா, மருமகள் தேவதர்ஷினி, ரெண்டு பேரும் ராத்திரி சத்தம் கேட்டு ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நடுங்கற காட்சியெல்லாம் இப்போ பார்த்தாலும் வயிறு வலிக்கும். வீட்டுல பேய் இருக்கான்னு கண்டுபிடிக்க சாமியார் சொல்லி அனுப்பற பரீட்சைகள் இருக்கே, அதெல்லாம் நம்ம வீடுகள்ல பாட்டிங்க நிஜமாவே சொல்ற ரகம். பயமும் சிரிப்பும் ஒண்ணா வர்றது லேசுப்பட்ட வித்தை இல்லை.

சரி, பிளாஷ்பேக்குக்கு வருவோம்.

காஞ்சனா பெத்தவங்களால வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள். ஒரு பாய் அவளுக்கு இடம் கொடுக்கறார். அவருக்கு மனவளர்ச்சி இல்லாத ஒரு பையன். தன்னை மாதிரியே துரத்தப்பட்ட கீதாங்கற சின்னத் திருநங்கையை காஞ்சனா எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கறா. சம்பாதிச்ச காசுல ஒரு நிலம் வாங்கறா, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டறதுக்கு. அந்த நிலத்தை எம்.எல்.ஏ. அபகரிக்கறான். நியாயம் கேட்கப் போனவளையும், பாயையும், அந்தப் பையனையும் கொன்னு அதே நிலத்துலேயே புதைச்சுடறான். அந்த இடத்துலதான் படத்தோட ஆரம்பத்துல நம்ம ஹீரோ கிரிக்கெட் ஆடறான், ஸ்டம்பு நடறான், அதைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டு வர்றான்.

காலி மனை, கிரிக்கெட், ஸ்டம்பு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் வளர்ந்த எவனுக்காவது இதை விளக்கணுமா? எங்க மொத்தப் பால்யமும் யாரோ ஒருத்தரோட காலி மனையிலதான் ஓடிச்சு. யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாது. பாதி மனைகளுக்கு யார் சொந்தக்காரர்னு சொந்தக்காரருக்கே சந்தேகம். நிலத்தை வாங்கிப் போட்டுட்டு துபாய்லயோ பம்பாய்லயோ இருப்பார். வந்து பார்த்தா வேற ஒருத்தர் காம்பவுண்ட் போட்டிருப்பார். இன்னிக்கும் எங்க தெருக்கோடியில ஒரு மனையில தகர போர்டு ஒண்ணு நிக்குது. சர்வே எண் போட்டு, "இந்த இடம் விற்பனைக்கு அல்ல, வழக்கு நிலுவையில் உள்ளது, அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவர்"னு. போர்டு துருப்பிடிச்சு எழுத்தே பாதி போயிடுச்சு, வழக்கு மட்டும் நிலுவையிலேயே இருக்கு.

இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பத்திரக் கதை உண்டு. ஒரே மனையை ரெண்டு பேருக்கு வித்த கதை, பவர் பத்திரத்தை வெச்சு ஏமாத்தின கதை, வில்லங்கச் சான்றுல ஒண்ணுமே இல்லாம இருந்து பின்னாடி வாரிசுன்னு ஒரு கும்பல் வந்து நின்ன கதை, ஏரியில லேஅவுட் போட்டு வித்துட்டுப் போன கதை. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் ரிட்டயர்மென்ட் காசு மொத்தத்தையும் போட்டு ஒரு கிரவுண்டு வாங்கினார். இப்போ அந்த ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையறதுதான் அவருக்கு வேலை. அவர்கிட்ட போய், "பேய் படத்துல நிலப் பிரச்சினை எல்லாம் எதுக்கு, போர்"னு சொல்லிப் பாருங்க.

ஒரு தடவை தாம்பரத்துலேர்ந்து மேடவாக்கம் போற ஷேர் ஆட்டோவுல, சின்னத் திரையில காஞ்சனா பாட்டு ஓடிட்டிருந்துச்சு. டிரைவர் அண்ணன்கிட்ட "படம் பார்த்திருக்கீங்களாண்ணே?"ன்னு கேட்டேன். "நாலு தடவை தம்பி. அந்த எம்.எல்.ஏ.வை அடிக்கறப்போ தியேட்டரே எழுந்து நின்னுச்சு. நம்மளால முடியுமா? பேய் பண்ணாத்தான் உண்டு"ன்னார். எத்தனையோ பத்திரிகை விமர்சனம் படிச்சிருக்கேன், இந்த ரெண்டு வரிக்கு ஈடா ஒண்ணும் கிடைக்கலை.

இன்னொண்ணு கவனிங்க. படம் வந்த அதே 2011 ஜூலையிலதான், நில அபகரிப்புப் புகார்களுக்குன்னு போலீஸ்ல தனிப்பிரிவு அமைக்க தமிழ்நாடு அரசு ஆணை போட்டுச்சு. அடுத்த மாசமே தனிக் கோர்ட்டுகளுக்கும் ஆணை வந்துச்சு. அந்தத் தேர்தல்லயே நில அபகரிப்பு ஒரு பெரிய பேச்சு. ஆக, தியேட்டருக்குள்ள உட்கார்ந்திருந்த ஜனங்க காலையில பேப்பர்ல எதைப் படிச்சாங்களோ அதையேதான் ராத்திரி திரையில பார்த்தாங்க. லாரன்ஸ் திட்டம் போட்டுப் பண்ணினார்னு நான் சொல்லலை. முனியிலயும் பேய் பழி வாங்கறது அரசியல்வாதியைத்தான், அது 2007. ஆனா நேரம் அப்படிப் பொருந்திச்சு. அப்புறம் 2015-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து பண்ணிடுச்சு. நில அபகரிப்புன்னா என்னன்னு ஆணையில சரியா வரையறுக்கலை, யார் மேல வேணாலும் பாயலாம்ங்கற மாதிரி இருக்குங்கறது அதுல ஒரு காரணம். சட்டப்படி நியாயமான காரணமாத்தான் தெரியுது. ஆனா புகார் கொடுத்துட்டுக் காத்துக்கிட்டிருந்தவன் கதி?

நம்ம ஊர் பேய்க்கும் வெளிநாட்டுப் பேய்க்கும் இருக்கற வித்தியாசத்தையும் இந்த இடத்துல சொல்லணும். ஜப்பான்ல 2002-ல வந்த 'ஜு-ஆன்' பார்த்திருப்பீங்க. அந்த வீட்டுக்குள்ள யார் காலை வெச்சாலும் சாவுதான். தப்பு பண்ணினவனா, பாவப்பட்டவனாங்கற கணக்கே கிடையாது. நம்ம பேய் அப்படி இல்லை. அதுகிட்ட ஒரு லிஸ்ட் இருக்கும். லிஸ்ட்ல இல்லாதவங்களை பயமுறுத்துமே தவிர தொடாது. கோவை சரளாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சதாலதான் நாம தைரியமா சிரிக்கறோம்.

இது லாரன்ஸ் கண்டுபிடிச்சது இல்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல பழையனூர் இருக்கு. நீலி கதை நடந்ததா சொல்ற ஊர். புருஷனால கொலையான பொண்ணு பேயாகி, அடுத்த ஜென்மத்துல வணிகனா வர்ற அவனைத் துரத்தறா. ஆனா கண்ட இடத்துல அடிச்சுக் கொல்லலை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு ஊர்ப் பெரியவங்க முன்னாடி போய், "இவன் என் புருஷன், என்னை விட்டுட்டு ஓடறான்"னு வழக்கு வைக்கறா. அவங்களும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா எங்க உயிர் பொறுப்புன்னு வாக்கு கொடுத்து அவளோட அனுப்பறாங்க. காலையில அவன் பிணம்தான் கிடக்குது. எழுபது வேளாளர்களும் சொன்ன வாக்குக்காக உயிரை விடறாங்க. 'நீலிக் கண்ணீர்'னு நாம சும்மா திட்டறதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. நீலி பேயா இருந்தும் பஞ்சாயத்துக்குப் போறா பாருங்க.

காஞ்சனா கிளைமாக்ஸ்ல இதேதான் வேற மாதிரி நடக்குது. எம்.எல்.ஏ. உயிருக்குப் பயந்து கோயிலுக்குள்ள ஓடிடறான். பேய் வாசல்லயே நிக்குது, உள்ளே போக முடியாது. கொன்னவன் சாமி பக்கத்துல பத்திரமா இருக்கான், செத்தவ வெளியில நிக்கறா. அங்கேயிருந்து சாமிகிட்ட தன் கதையைச் சொல்லி நியாயம் கேட்கறா. அப்புறம்தான் உள்ளே போக வழி கிடைக்குது. இந்தக் காட்சியைத்தான் எங்க ஹாஸ்டல்ல "ஓவர் டிராமா மச்சி"ன்னு சொல்றானுங்க. எனக்கு என்னவோ படத்துலயே புத்திசாலித்தனமான இடம் இதுதான்னு தோணுது. உயிரோட இருந்தப்போ அவளுக்கு எந்த வாசலும் திறக்கலை. செத்த பிறகும் வாசல்ல நின்னு மனு போட்டுத்தான் உள்ளே போறா.

இவ்வளவு பாராட்டறேனேன்னு, படத்துல குறையே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. பெரிய குறை ஒண்ணு இருக்கு, அது முதல் பாதியிலதான் இருக்கு. பேய் புகுந்ததும் ஹீரோ பொம்பளை மாதிரி நடக்க ஆரம்பிப்பான். வளையல், சேலை, வெட்கம், நடை. அத்தனையும் சிரிக்க வைக்கறதுக்கு. தியேட்டர் சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். பின்னாடி சரத்குமார் வந்து ஒரு கேலிகூட இல்லாம, முதுகு நிமிர்த்தி அந்தப் பாத்திரத்தை நடிச்சார். முதல் பாதியில எதைப் பார்த்துச் சிரிச்சோமோ அதே நடை, அதே சேலை, ரெண்டாவது பாதியில தொண்டையை அடைக்கும். அதாவது, பிளாஷ்பேக்தான் முதல் பாதியோட கடனை அடைக்குது. முழுசா அடைக்குதான்னு கேட்டா, பாதிதான் அடைக்குதும்பேன். ஆனா அதையும் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணிட்டா மிச்சம் இருக்கறது வெறும் கேலி.

மிச்சம் அதுதான்னு தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பீச்–தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல ஏறினாப் போதும். போன மாசம் பழவந்தாங்கல்ல ஒரு திருநங்கை ஏறினாங்க. வாசல் பக்கம் நின்ன ஸ்கூல் பசங்க நாலு பேர் "காஞ்சனா டோய்"னு கத்திட்டுச் சிரிக்கறானுங்க. படம் வந்தப்போ அவனுங்க பொறந்தே இருக்க மாட்டானுங்க. எல்லாம் டிவியில பார்த்ததுதான். அந்தக்கா ஒண்ணும் சொல்லலை. மீனம்பாக்கத்துல இறங்கி அடுத்த பெட்டிக்குப் போயிட்டாங்க. அனுதாபப்படுங்கன்னு கெஞ்சின படத்தோட பேரே வசவுச் சொல்லாயிடுச்சு. அந்தப் பசங்களுக்கு ஆஸ்பத்திரி தெரியாது, கீதா தெரியாது, பாய் தெரியாது. நடையும் சேலையும் மட்டும் தெரியும்.

"ஒரு திருநங்கை ஆஸ்பத்திரி கட்டறதும், இன்னொருத்தர் டாக்டர் ஆகறதும் எல்லாம் சினிமா பாஸ்"னும் சிலர் சொல்றாங்க. தனியாள் ஆஸ்பத்திரி கட்டறது சினிமாவா? நம்ம தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனோட பேரே எப்படி வந்துச்சாம்? டாக்டர் சௌரி முத்துங்கற தனி மனுஷர் 1928-ல காசநோய்க்காரங்களுக்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, 1937-லதான் அரசாங்கத்துக்குப் போச்சு. கீதா டாக்டர் ஆகறதை 2011-ல நம்ப முடியலை, சரி. 2015-ல பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடி, 2017-ல சப்-இன்ஸ்பெக்டரா வேலையில சேர்ந்தாங்க. மூணாம் பாலினத்துக்கு சட்டப்படி அங்கீகாரம் கொடுத்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2014-லதான் வந்துச்சு. இந்த விஷயத்துல சட்டத்துக்கு முன்னாடியே மசாலாப் படம் ஒரு கனவு கண்டிருக்கு.

அதே 2011-லயே 'நர்த்தகி'ன்னும் ஒரு படம் வந்துச்சு. அதுல திருநங்கையா நடிச்சவர் நிஜத் திருநங்கையான கல்கி சுப்ரமணியம். பேய் இல்லை, காமெடி இல்லை. காஞ்சனா போய்ச் சேர்ந்த வீடுகள்ல பத்துல ஒரு வீட்டுக்காவது அது போயிருக்குமாங்கறது சந்தேகம்தான். இதுக்கு யாரைக் குத்தம் சொல்றது? பேயோட வந்தாத்தான் கதவைத் திறப்போம்னு அடம் பிடிக்கறது நாமதானே.

காஞ்சனா ஓடினதைப் பார்த்து அப்புறம் வந்த பேய்க் கூட்டத்தைப் பத்தி ரொம்பப் பேச வேண்டாம். ஒரு பங்களா, ஒரு கவர்ச்சிப் பேய், நாலு காமெடியன். வாரத்துக்கு ஒண்ணு வந்த மாதிரி இருந்துச்சு. காஞ்சனாவுக்கே 2015-ல ஒண்ணு, 2019-ல ஒண்ணுன்னு ரெண்டு தொடர்ச்சி வந்துச்சு. பேய் மாறிச்சு, அச்சு மாறலை. 2020-ல லாரன்ஸே இந்தியில அக்ஷய் குமாரை வெச்சு 'லக்ஷ்மி'ன்னு எடுத்தார். தியேட்டர் மூடியிருந்த சமயம், நேரா ஓடிடியில வந்துச்சு. காசு கொட்டி எடுத்திருந்தாங்க. ஆனா பார்த்தவங்க நல்லா திட்டினாங்க. அதுலயும் திட்டு வாங்காம தப்பிச்சது யாருன்னா, பிளாஷ்பேக்ல திருநங்கையா வந்த ஷரத் கேல்கர். பிளாஷ்பேக் போர்னு சொல்றவங்க இதுக்கு என்ன பதில் வெச்சிருக்காங்களோ!

என்கிட்ட கத்திரிக்கோலைக் கொடுத்து காஞ்சனாவைச் சுருக்கித் தரச் சொன்னா, சண்டைக் காட்சியில ஆளுங்க பறக்கறதுல பாதி போயிடும். டூயட் போயிடும். ஹீரோ வளையல் போட்டுக்கிட்டு நெளியறதுல முக்கால்வாசி போயிடும். பாய் வீடு, கீதா, நிலம், கோயில் வாசல் எல்லாம் அப்படியே இருக்கும். கோவை சரளா வர்ற ஒரு ஃபிரேம்லகூட கை வைக்க மாட்டேன். வெச்சா அம்மா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க :)